புன்னைவாடியை இழுத்த தூண்டில்

சங்குமுனைக்கும் புன்னைவாடிக்கும் நடுவே கடல் தனக்குரிய அகலத்தில் ஒழுங்காகக் கிடந்த காலத்தில், சங்குமுனையில் ஒரு பல் டாக்டர் இருந்தாள். திங்கள் முதல் சனி வரை ஊராரின் பல்லைப் பிடுங்குவாள், ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் தலையில் ஓலைத்தொப்பியும் கையில் தூண்டில் ராடுமாகச் சின்னப் படகை எடுத்துக்கொண்டு குடாவுக்குள் போய் மீனைப் பிடுங்குவாள். பெயர் செலஸ்டினா. ஊருக்கு டாக்டரம்மா. மீன் பிடிப்பதே பிழைப்பாக இருக்கிற ஊரில் ஒருத்தி ஆசைக்கு மீன் பிடிக்கிறாள் என்றால் அதை எந்தக் கணக்கில் வைப்பது என்று யாருக்கும் விளங்கவில்லை. வெயிலில் காய்ந்து, இறாலை முள்ளில் கோத்து, அரை நாள் உட்கார்ந்து, கடைசியில் கையளவு விளமீன் ஒன்றைத் தூக்கி, அதனிடம் நலம் விசாரித்துவிட்டு, மறுபடி தண்ணீரிலேயே விட்டுவிட்டு வருகிறவளைப் பார்த்து, இவளுக்கு மீன் மேல் கோபமா பிரியமா என்று வலை பின்னுகிற கொட்டகையில் விவாதமே நடந்திருக்கிறது.

அந்தக் கரையில் ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போவதில்லை. ஆண்டவருக்கு உரிய நாளில் வலை நனையக் கூடாது. செலஸ்டினா மட்டும் போகலாமா என்று கேள்வி வந்தபோது, பங்குச் சாமியார் தாடியைத் தடவி, வலை போடுவது வேலை, தூண்டில் போடுவது விளையாட்டு, விளையாட்டுக்கு ஓய்வுநாளில் தடையில்லை என்று தீர்ப்புச் சொன்னார். அவருடைய கடைவாய்ப்பல் ஒன்றுக்கு அந்த வாரம்தான் அவள் வலிக்காமல் வைத்தியம் பார்த்திருந்தாள் என்பதை இங்கே சொல்லிவிடுவது நல்லது. ஆக, ஞாயிறுதோறும் அந்தக் குடாக்கடல் முழுவதும் அவள் ஒருத்திக்குச் சொந்தமாக இருந்தது.

ஒருத்திக்கு என்றா சொன்னேன்? முன்பெல்லாம் இரண்டு பேர். தங்கை பெர்பெத்துவா புன்னைவாடியில் ஐஸ் ஆலைக்காரருக்கு வாழ்க்கைப்பட்டுப் போன பிறகும், குடாவைச் சுற்றிக்கொண்டு போகிற பஸ்ஸில் அரை நாள் குலுங்கிச் சனிக்கிழமை பொழுது சாய வந்து, அக்காள் வீட்டில் தின்று உறங்கி, ஞாயிறு விடிந்ததும் படகின் முன்பக்கம் ஏறி உட்கார்ந்துவிடுவாள். அக்காள் கையில் ராடு, தங்கை கையில் நீளக்காம்பு வைத்த கைவலை. அக்காள் தூண்டில் நரம்பைச் சுற்றி மீனை இழுத்துக்கொண்டு வருவாள், தங்கை அள்ளிப் போடுவாள். இப்படியே போய்க்கொண்டிருந்திருக்கும், அந்தக் கொடுவா மீன் மட்டும் வந்து மாட்டாமல் இருந்திருந்தால்.

அந்தக் கொடுவாவின் நீளத்தை அக்காள் ஒரு அளவும் தங்கை ஒரு அளவும் கை விரித்துக் காட்டுவார்கள், இரண்டையும் நம்ப வேண்டாம். ஆனால் பெரிய மீன். படகோரம் வரைக்கும் வந்துவிட்டது. செதிலின் வெள்ளி தெரிந்தது, அதன் சிவந்த கண்ணும் தெரிந்தது. வலை தண்ணீரில் இறங்கியது, மீன் ஒரு துள்ளுத் துள்ளியது, முள் கழன்றது, கடல் மூடிக்கொண்டது. "நரம்பத் தளர விட்டுட்டியேக்கா!" என்றாள் தங்கை. "வால் பக்கமா வலையக் கொண்டு போனா எந்த மீனுட்டி நிக்கும்? தலைப் பக்கம் போடணும்னு எத்தனை தடவ சொல்லிருக்கேன்!" என்றாள் அக்காள். அங்கிருந்து தொடங்கி, யார் கல்யாணத்தில் யார் முகம் கோணியது என்பது வரை போய், படகு கரை தட்டியபோது இருவரிடமும் பேச ஒரு சொல் மிச்சமில்லை. பெர்பெத்துவா பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். அதற்குப் பிறகு அவள் வரவில்லை, இவளும் போகவில்லை. பெர்பெத்துவா அந்தக் கரையில் சொந்தமாகப் படகு வாங்கிவிட்டாள், ஞாயிறுதோறும் போகிறாள் என்று பஸ் கண்டக்டர் மூலம் செய்தி வந்தது. செலஸ்டினா அதைக் கேட்டு, "நல்லது, வலைய யாரு போடுதாளாம்?" என்று கேட்டாள். அந்த வேகத்தில் அன்றைக்கு ஒருவருக்கு ஆடாத பல்லைப் பிடுங்கப் பார்த்தாள்.

வருடங்கள் போயின. ஒரு மாசி மாத ஞாயிற்றில், காற்று விழுந்து கடல் தட்டில் ஊற்றிய கஞ்சியாகக் கிடந்த காலையில், செலஸ்டினா நங்கூரம் போட்டு உட்கார்ந்து, கைக்கு வந்த தூரத்துக்குத் தூண்டிலை வீசினாள். ஈயக்குண்டு இறங்கிற்று, நரம்பு ஓடிற்று, எங்கேயோ போய் நின்றது. இழுத்துப் பார்த்தாள். தூண்டில் போடுகிறவர்களுக்கு இரண்டு கனம் தெரியும்: மீனின் கனம் உதறும், தரையின் கனம் அசையாது. இது மூன்றாவது கனமாக இருந்தது. உதறவும் இல்லை, அசையாமலும் இல்லை, பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்கிற பிள்ளையைக் கையைப் பிடித்து இழுத்துப்போகிற மாதிரி, வேண்டா வெறுப்பாக, ஆனாலும் வந்தது. வேறு யாராவது என்றால் நரம்பை அறுத்துவிட்டு வேறு முள் கட்டியிருப்பார்கள். செலஸ்டினா ஆரம்பித்த பல்லைப் பாதியில் விட்டதில்லை. காலைப் படகின் குறுக்குக்கட்டையில் முட்டுக் கொடுத்து, உடம்பைப் பின்னால் சாய்த்து, மத்தியானம் வரை சுற்றினாள்; எவ்வளவு சுற்றியும் ரீல் நிறையவில்லை, அதை அவள் பொருட்படுத்தவும் இல்லை. பசி வந்ததும் ரீலைப் பூட்டி, படகைத் துறையில் கல்தூணோடு சேர்த்துக் கட்டி, ராடைப் படகிலேயே குத்தி வைத்துவிட்டு வீட்டுக்குப் போய் மீன் குழம்பு சாப்பிட்டாள். மீன், மார்க்கெட்டில் வாங்கியது.

மறுநாள் காலையில் அவள் கணவர் ரொமால்டு, தன் பேக்கரியின் மாடியில் மாவு மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தவர், கீழே எட்டிப் பார்த்து, "செலஸ்டி, புன்னைவாடிக் கோயில் கோபுரத்துல கடிகாரம் இருக்கே, எனக்கு இத்தனை நாளும் தெரியாது," என்றார்.

"இருக்கும். அதுக்கென்ன?"

"அஞ்சு நிமிசம் முந்திப் போவுது."

அதுவரை புன்னைவாடி என்பது, வானம் தெளிவாக இருக்கிற நாளில் கடலுக்கு மேலே யாரோ பென்சிலால் இழுத்த கோடு. இப்போது கோடு தடித்து, கோட்டுக்கு மேல் கோபுரம் முளைத்து, கோபுரத்தில் மணி பார்க்க முடிந்தது. அடுத்த ஞாயிறு செலஸ்டினா போய் ராடை எடுத்து மறுபடி சுற்றினாள். திங்கட்கிழமை புன்னைமரங்கள் தெரிந்தன. அதற்கடுத்த ஞாயிறு சுற்றினாள். மரத்தடியில் கட்டியிருந்த ஆடு தெரிந்தது. டாக்டரம்மா தூண்டிலில் புன்னைவாடி மாட்டிக்கொண்டது, அவளும் இழுத்துக்கொண்டிருக்கிறாள் என்று ஊர் புரிந்துகொண்டது. புரிந்துகொண்டு, இனி துணியை எந்தப் பக்கம் காயப்போடுவது, அந்தக் கரை ஆட்கள் பார்ப்பார்களே என்கிற கவலையில் இறங்கிவிட்டது.

முதலில் குழம்பியது மணியோசை. இரண்டு கோயில் மணியும் அஞ்சு நிமிட வித்தியாசத்தில் காதில் விழ, சங்குமுனை ஆட்கள் அந்த மணிக்கு எழுந்து இந்த மணிக்கு ஓடி, கடைசியில் சோம்பேறிகளெல்லாம் நேரத்துக்குப் பூசைக்கு வரத் தொடங்கினார்கள். பிறகு நாய்கள்: இந்தக் கரை நாய் குரைத்தால் அந்தக் கரை நாய் பதில் சொல்லிற்று, பேச்சு வளர்ந்து விடிய விடிய நடந்தது. பிறகு பையன்கள்: அக்கரைக்கும் இக்கரைக்கும் கிரிக்கெட் மேட்ச் வைத்து, பந்து தண்ணீரில் விழுந்தால் நாலு, எதிர்க்கரையில் விழுந்தால் ஆறு, எதிர்க்கரைக்காரன் வீட்டுக் குழம்புச் சட்டியில் விழுந்தால் அவுட் என்று சட்டம் போட்டார்கள். பிறகு பெண்கள்: கறிவேப்பிலையில் தொடங்கி அரைத்த தேங்காய் வரை சின்ன வள்ளத்தில் போகவர ஆயிற்று, வள்ளத்தோடு இரண்டு சம்பந்தமும் பேசி முடிந்தது. கவுன்சிலர், 'பாலம் கேட்டோம், ஊரையே கொண்டுவந்தோம்' என்று தன் படத்தோடு பேனர் கட்டினார்; படத்தில் அவர் கையில் தூண்டில் இருந்தது.

முதல் சச்சரவு வந்தது வேறொரு பேனரால். புன்னைவாடி நெருங்கி வருகிறதே, வருகிற ஊரை வரவேற்க வேண்டாமா என்று, சங்குமுனைத் துறையில் 'புன்னைவாடியே வருக வருக' என்று துணி கட்டினார்கள். கட்டி முடித்து நிமிர்ந்து பார்த்தால், எதிர்க்கரையில் இதைவிடப் பெரிய துணியில் 'சங்குமுனையே வருக வருக' என்று எழுதியிருந்தது.

"நாங்க எங்க வாறோம்? நீங்கதானலே வாறீங்க!" என்று இங்கிருந்து கத்தினார்கள்.

"நாங்க இருந்த எடத்துலதான் இருக்கோம், வேணும்னா எங்க ஆட்டக் கேட்டுப் பாருங்க!" என்று அங்கிருந்து கத்தினார்கள்.

ஒருவரும் இறங்கி வரவில்லை. இரண்டு துணியும் ஒன்றையொன்று வரவேற்றபடி காற்றில் படபடத்துக்கொண்டிருந்தன.

செலஸ்டினாவுக்கு இந்தச் சச்சரவெல்லாம் காதில் விழவே இல்லை. புன்னைவாடித் துறையில் ஒரு நீலப் படகு இருந்தது, ஞாயிற்றுக்கிழமைகளில் அதில் ஒரு பெண் இருந்தாள். முதலில் ஒரு புள்ளியாக இருந்தாள். பிறகு தொப்பி வந்தது. பிறகு தொப்பிக்குக் கீழே, இடது தோளைக் கொஞ்சம் தூக்கி வைத்துக்கொள்கிற அந்தப் பழைய சாய்மானம் வந்தது. செலஸ்டினா தொப்பியைத் தூக்கிவிட்டுக்கொண்டு இன்னொரு முறை பார்த்தாள், தங்கையேதான். கூடவே எரிச்சலும் வந்தது, ஏனென்றால் இவள் காலை முட்டுக் கொடுத்துப் பின்னால் சாய்ந்தால், அவளும் அங்கே அதே மாதிரி பின்னால் சாய்ந்தாள். இவள் மூச்சு வாங்க நிமிர்ந்தால் அவளும் நிமிர்ந்தாள்.

"கிண்டல் பண்ணுதா," என்றாள் ரொமால்டிடம். "நான் எப்படி இழுக்கேனோ அப்படியே நடிச்சுக் காட்டுதா."

படகைக் கண்டாலே வாந்தி வருகிற ரொமால்டு கரையில் குடைக்குக் கீழே நின்றுகொண்டு, "கை வீசிப் பாரேன்," என்றார்.

"அவ வீசட்டும்."

இதற்குள் மீனவர் சங்கத் தலைவர் கித்தேரியானுக்குப் பல்வலி வந்துவிட்டது. உண்மையில் வலி ஒரு மாதமாக இருந்தது. கடலில் எந்தக் காற்றுக்கும் அஞ்சாத மனுஷர், கிளினிக் நாற்காலியைக் கண்டால் மட்டும் நடுங்குவார். ஆனால் இப்போது சங்கத்தின் சார்பில் டாக்டரம்மாவிடம் பேச வேண்டியிருந்தது, வெறுங்கையோடு போவதைவிடப் பல்லோடு போவது மரியாதை என்று வந்து உட்கார்ந்தார். செலஸ்டினா அவர் வாயைத் திறக்கச் சொல்லி, ஊசியைப் போட்டு, மரத்துப்போவதற்காகக் காத்திருக்கையில், அவர் பேச ஆரம்பித்தார்.

"டாக்டரம்மா, கடலு..."

"வாயத் தொறங்க."

"ஆ."

"கடலு சுருங்குதுன்னு சொல்ல வந்திருக்கீங்க. மொதல்ல மீனெல்லாம் ஒதுங்கி ஒரே எடத்துல நின்னு, தொட்டியில அள்ளுற மாதிரி அள்ளுனீங்களே, அப்ப யாரும் எங்கிட்ட வந்து நன்றி சொன்ன மாதிரி ஞாபகம் இல்ல."

"ஆ, ஆ," என்றார் கித்தேரியான், கைகளால் மறுத்து.

பல் வெளியே வந்தது. பஞ்சைக் கடித்துக்கொண்டு அவர் நிதானமாகப் பேசினார். "அள்ளுனோம், இல்லன்னு சொல்லல. இப்ப அள்ள ஒண்ணும் இல்ல. தண்ணி கெழக்க ஒதுங்கிட்டு. எங்க படகு திரும்ப எடமில்ல. இந்தக் கரையில மூக்கும் அந்தக் கரையில வாலுமா நிக்குது. இன்னும் ரெண்டு ஞாயிறு இழுத்தீங்கன்னா எங்க படகெல்லாம் மணல்ல ஏறிரும், நாங்க எதுல ஏறுறது? நரம்ப நாங்களே அறுத்திருப்போம். அடுத்தவன் தூண்டில்ல மாட்டுனதத் தொடுறது நம்ம கரையில வழக்கமில்ல. ராடப் புடிச்சவங்கதான் அறுக்கணும்."

செலஸ்டினா கையுறையைக் கழற்றினாள்.

"நீங்க இழுக்குறது புன்னைவாடிய இல்லங்கிறது எங்களுக்கும் தெரியும்," என்றார் கித்தேரியான், பஞ்சை மறுபக்கம் மாற்றி. "தங்கச்சிய. ஒரு பஸ் ஏறிப் போயிருந்தா முடிஞ்சிருக்கும்லா?"

"பஸ்ல போனா நான் போனதா இருக்கும்," என்றாள் அவள். "இது அவ வாறதா இருக்கு."

கித்தேரியானுக்கு இரண்டு தம்பிகள் உண்டு. அதனால் அவர் இதை உடனே புரிந்துகொண்டார். கடைசியில் செலஸ்டினா ஒரு வாக்குக் கொடுத்தாள்: வாற ஞாயிறு ஒன்று மட்டும் இழுப்பாள், அவள் படகும் எதிர்க்கரைப் படகும் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்த அந்தக் கணம் தன் கையாலேயே நரம்பை விட்டுவிடுவாள், புன்னைவாடி போகிற போக்கில் போகட்டும். அதற்குள் பெர்பெத்துவா வாயைத் திறந்தால் திறந்தாள், திறக்காவிட்டால் பஸ்ஸுக்கும் எட்டாத தூரத்துக்கு இரண்டு பேரும் போய்விட்டதாக வைத்துக்கொள்ள வேண்டியதுதான். இப்படி ஒரு கனம் ஒருத்திக்கு இரண்டு தடவை மாட்டாது என்பது தூண்டில் போடுகிறவளுக்குத் தெரியாதா? கித்தேரியான், "இது சாட்சிக்கு இருக்கட்டும்," என்று பிடுங்கிய பல்லை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார்.

சனிக்கிழமை பங்குச் சாமியார் வந்தார். மீன் வந்தால் விளையாட்டு, ஊர் வந்தால் அது வேலை, வேலையை ஓய்வுநாளில் செய்யலாகாது என்று அவருக்குப் புதிதாகத் தோன்றியிருந்தது. "ஊர் இன்னும் வந்து சேரலியே சாமி," என்றாள் செலஸ்டினா. "வந்த பெறகு வேலைன்னு எழுதிக்கிடுங்க." சாமியார் தாடியைத் தடவிக்கொண்டு எழுந்தார். மறுநாள் வேடிக்கை பார்க்க அவருக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

ஞாயிறு விடிந்தது. இரண்டு ஊரும் இரண்டு கரையில் நின்றன; வறுத்த கடலை விற்கிறவன் வள்ளத்தில் நடுவே நின்று இரண்டு பக்கமும் விற்றான். கடல் ஒரு வாய்க்காலாக ஒடுங்கிக் கிடந்தது. செலஸ்டினா படகில் ஏறி உட்கார்ந்தாள். ராடை எடுத்தாள், பூட்டைத் திறந்தாள், காலை முட்டுக் கொடுத்துப் பின்னால் சாய்ந்தாள். எதிரே நீலப் படகில் பெர்பெத்துவாவும் சாய்ந்தாள். ஒரு சுற்று, கரைகள் ஒரு முழம் நெருங்கின. இன்னொரு சுற்று, ஆடு கத்தியது. இன்னொரு சுற்று. பெர்பெத்துவாவின் முகம் தெரிந்தது. காதோரம் நரைத்திருந்தது, மூக்குக்கண்ணாடி புதிதாக வந்திருந்தது, கீழுதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவள் கடித்திருந்தது சிரிப்பை அடக்குவதற்கு இல்லை. பாரம் இழுக்கிறவள் கடிக்கிற கடி அது. செலஸ்டினா அப்போதுதான் சரியாகப் பார்த்தாள், தங்கையின் கையிலும் ஒரு ராடு இருந்தது, அது வில்லாக வளைந்திருந்தது, அதன் நுனியிலிருந்து நரம்பு நேராக இவளை நோக்கி வந்து தண்ணீரில் இறங்கியது.

அவள் நடிக்கவில்லை. ஆரம்பத்திலிருந்தே இழுத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

இரண்டு படகின் மூக்கும் ஏறக்குறைய முட்டிக்கொண்டன. நடுவே தண்ணீரிலிருந்து நரம்பு மேலே எழும்பிற்று. இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, நடுவில் இரண்டு முள். ஒன்றின் வளைவுக்குள் ஒன்று புகுந்து, சின்ன வயதில் காய் விட்ட பிள்ளைகள் பழம் விடும்போது சுண்டுவிரலைக் கோத்துக்கொள்வார்களே, அப்படிக் கோத்துக் கிடந்தன. மாசி மாத ஞாயிற்றில் இவள் இங்கிருந்து வீச, அவள் அங்கிருந்து வீச, கடலுக்கடியில் எங்கோ நடுவில் இரண்டு முள்ளும் மாட்டிக்கொண்டிருக்கின்றன. அன்றிலிருந்து இவள் அந்த ஊரையும் அவள் இந்த ஊரையும் இழுத்திருக்கிறார்கள். இரண்டு கரையிலும் இதைப் பார்த்தவர்கள், வருக வருக என்று எழுதிய துணிகளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, வேறு எங்கோ பார்ப்பதுபோல் நின்றுகொண்டார்கள்.

அத்தனை வருடத்துக்குப் பிறகு அக்காளும் தங்கையும் நேருக்கு நேர் உட்கார்ந்திருந்தார்கள். பெர்பெத்துவாதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"நரம்பத் தளர விட்டுராதக்கா."

செலஸ்டினாவுக்கு உடம்பெல்லாம் சுர்ரென்றது. "ஏட்டி, இன்னுமா? வால் பக்கம் வலையப் போட்டவளுக்கு வாயப் பாரு!"

"தலைப் பக்கந்தான் போட்டேன்!"

"மீனுக்குத் தலை எது வால் எதுன்னு தெரியாதவ, படகு வேற வாங்கிட்டா! அதுவும் நீல பெயின்ட்டு!"

கரையிலிருந்து கித்தேரியான், பல் இருந்த இடத்தில் நாக்கை வைத்துக்கொண்டு, "டாக்டரம்மா, வாக்கு!" என்று நினைவுபடுத்தினார். படகுகளின் அடி மணலை உரசிக்கொண்டிருந்தது. செலஸ்டினா இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தாள். நரம்பில் வைத்தாள். அறுத்தால் போயிற்று, கரை போகும், நீலப் படகு போகும், நரைத்த காதோரம் போகும். பேசியதெல்லாம் மறுபடி சண்டைதானே, இதற்காகவா இத்தனை ஞாயிறு?

"அறுக்காத," என்றாள் பெர்பெத்துவா. "அறுத்தா ரெண்டு முள்ளும் போயிரும். தளர விடு, தானா கழலும்."

"நான் தளர விட மாட்டேன். வாழ்நாள்ல நான் நரம்பத் தளர விட்டது கிடையாது."

"நீ விட்டதில்லன்னு எனக்குத் தெரியாதா?" என்றாள் தங்கை எரிச்சலோடு. "இன்னைக்கு ஒரு நாள் விடேன்!"

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவளுக்கே உறைத்தது. சட்டென்று மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைக்க ஆரம்பித்தாள். துடைக்க அதில் ஒன்றும் இல்லை. செலஸ்டினா கத்தியை இடுப்பில் செருகினாள். படகின் முன்பக்கம், இத்தனை வருடமாக இறால் வாளியும் ஐஸ் பெட்டியும் வைத்திருந்த இடத்தில், வாளியைக் காலால் ஒதுக்கினாள், பெட்டியைப் பின்னால் இழுத்தாள், பலகையில் ஒட்டியிருந்த செதிலைக் கையால் துடைத்தாள். பிறகு எங்கோ பார்த்துக்கொண்டு, "வலையக் கொண்டு வந்திருக்கியா?" என்று கேட்டாள்.

"அது இல்லாம வருவேனா?"

பெர்பெத்துவா ஒரு கையில் ராடும் ஒரு கையில் நீளக்காம்பு வலையுமாக எழுந்து, தன் படகின் கயிற்றை இவள் படகில் சுற்றிக் கட்டிவிட்டு, ஒரு கால் அங்கும் ஒரு கால் இங்குமாக ஆடி, கரையில் அத்தனை பேரும் ஐயோ என்று கத்த, அக்காளின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். பிடித்த கையை உடனே எடுக்கவில்லை.

"ரெண்டு பேரும் சேர்ந்து," என்றாள் செலஸ்டினா.

"நீ மொதல்ல விடாத."

"நீயும்தான்."

இரண்டு ரீலும் ஒரே சமயத்தில் பூட்டுத் திறந்தன. நரம்பு தொய்ந்தது, தொய்ந்ததும் முட்கள் ஒன்றின் வளைவிலிருந்து ஒன்று சுலபமாக, அத்தனை நாளும் அதற்காகவே காத்திருந்த மாதிரி, கழன்று தொங்கின. இருவரும் படகுகளைக் கரையோடு கட்டியிருந்த கயிறுகளை அவிழ்த்துவிட, கிழக்கே ஒதுங்கியிருந்த கடல் திரும்பி வந்தது. கரைகள் இரண்டும் அவசரப்படாமல், கல்யாண வீட்டில் விடைபெறுகிறவர்கள் போல நின்று நின்று, தத்தம் இடத்துக்குப் புறப்பட்டன. கடைசி நேரப் பரபரப்பைக் கேட்க வேண்டாம்: இரவல் வாங்கிய பாத்திரங்கள் வீசி எறியப்பட்டன, சில பிடிபட்டன, சம்பந்தம் பேசியிருந்த ஒரு மாப்பிள்ளை தாவிக் குதித்துப் பெண்ணின் கரைக்கே போய்ச் சேர்ந்தான், ஆடு சங்குமுனையில் நின்றுவிட்டது. மீனவர்கள் படகு மிதப்பதைப் பார்த்துக் கைதட்டினார்கள். ரொமால்டு குடையை ஆட்டி, "மத்தியானச் சாப்பாட்டுக்கு எந்தக் கரைக்கு வாறீங்க?" என்று கூவினார். பதில் வருவதற்குள் அவர் தூரமாகிவிட்டார்.

படகு நடுக்குடாவில் நின்றது, பின்னால் நீலப் படகு ஒட்டிக்கொண்டு. இரண்டு ஊரும் மறுபடி இரண்டு பென்சில் கோடுகள். யாரும் கேட்க முடியாத தூரம் வந்த பிறகு செலஸ்டினா சொன்னாள், "உன்னைய மனசு ரொம்பத் தேடிச்சுட்டி."

"எனக்கும்தான்," என்றாள் பெர்பெத்துவா. "பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து வந்து திரும்பிப் போயிருக்கேன்."

முள்ளில் இறாலைக் கோத்து வீசினார்கள். வெயில் ஏறியது. எவ்வளவு நேரம் போயிற்றோ, அக்காளின் ராடு ஒரு வெட்டு வெட்டி வளைந்தது. உதறுகிற கனம், சந்தேகமே இல்லை. "கொடுவா!" என்று இரண்டு பேரும் சேர்ந்து கத்தினார்கள். செலஸ்டினா இழுத்தாள், விட்டுக்கொடுக்காமல், இம்மியும் தளராமல். பெர்பெத்துவா மண்டி போட்டு வலையைத் தண்ணீரில் இறக்கி, தலைப் பக்கமாக, சந்தேகத்துக்கு இடமே இல்லாமல் தலைப் பக்கமாகக் கொண்டு போனாள். வெள்ளி தெரிந்தது. சிவந்த கண் தெரிந்தது. மீன் ஒரு துள்ளுத் துள்ளியது, முள் கழன்றது, கடல் மூடிக்கொண்டது.

நீர்வளையங்கள் விரிந்து விரிந்து மறைந்தன. தங்கை காலி வலையைப் பிடித்தபடி அசையாமல் இருந்தாள். அக்காள் ராடைப் பிடித்தபடி அசையாமல் இருந்தாள். தூரத்துக் கோடுகள் இரண்டும்கூடக் காதைத் தீட்டிக்கொண்டிருந்த மாதிரி இருந்தது.

"யாரு மேலக்கா தப்பு?" என்றாள் பெர்பெத்துவா மெதுவாக.

செலஸ்டினா இந்தக் கரையைப் பார்த்தாள், அந்தக் கரையைப் பார்த்தாள், தண்ணீரைப் பார்த்தாள்.

"மீன் மேல," என்றாள்.

"ஆமா," என்று ஒத்துக்கொண்ட தங்கை, வாளியிலிருந்து நல்ல பெரிய இறாலாகப் பார்த்து எடுத்து, அக்காளின் முள்ளில் கோத்துக் கொடுத்தாள். "அதுக்கு எப்பவுமே அவசரந்தான்."